ஒரு நாவல் முடிஞ்சு அடுத்தது வர்ற வரைக்கும் மண்டையில ஓடுறத என்ன பண்றீங்க?

காப்பிக்காடு:
எல்லாருக்கும் வணக்கங்க. ரெண்டாவது நாவலோட கடைசி புரூஃப் பாத்து அனுப்பிட்டேன், அடுத்தது என்னன்னு இன்னும் பிடிபடல, ஆனா மண்டை சும்மா இருக்க மாட்டேங்குது. போன வாரம் சேலத்துல இருந்து ஏற்காடு பஸ், பக்கத்து சீட்ல எஸ்டேட் வேலைக்குப் போற ஒரு ஆயா. 20 கொண்டை ஊசி வளைவும் முடியுற வரைக்கும் காப்பிச் செடியப் பத்தியே பேசிட்டு வந்தாங்க. பங்குனி வாக்குல ஒரு நல்ல மழை பெஞ்சாத்தான் பூ எடுக்குமாம், பத்து நாள்ல காடே வெள்ளையா ஆகி மல்லிப்பூ வாசம் அடிக்குமாம், ரெண்டு மூணு நாள்ல கொட்டிருமாம். அது சரியா அமைஞ்சாத்தான் கார்த்திகை மார்கழில பழம் பறிக்க ஆள் கூப்பிடுவாங்க, இல்லேன்னா மகன் குடும்பத்தோட திருப்பூர் போயிருவான்னு சொல்லிட்டு மடியில இருந்த தூக்குப்போசிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. சேலம் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரர் காக்பர்ன் 1820கள்ல இந்த மலைக்குக் கொண்டாந்த செடின்னு படிச்சிருக்கேன். ஒரு மழைக்கு ஒரு குடும்பம் காத்துக் கெடக்குதுன்னு அந்த பஸ்லதான் தெரிஞ்சுது.

இத உடனே கட்டுரையா எழுதிடலாமா, இல்ல நாவலுக்குன்னு பொத்தி வைக்கணுமா? எழுதிட்டா செலவாயிடும்னு பயமா இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை:
எழுதிடுங்க சார். எங்கப்பா கொலுசுப் பட்டறை வச்சிருந்தாரு. ஒட்டுற எடத்துல பொடி வச்சு ஊதுகுழல்ல வாயாலயே ஊதுவாரு, கன்னம் ரெண்டும் பந்து மாதிரி உப்பிரும், தீ ஊசி மாதிரி அந்த ஒட்டு மேலயே நிக்கும். ஒருத்தன் குத்தலா பேசினா பொடி வச்சு ஊதுறான்னு சொல்றோம்ல, அது பட்டறைப் பேச்சுன்னு எனக்கு நாப்பது வயசுலதான் உறைச்சுது. இப்ப ஊதுறதுக்குப் பதிலா கேஸ் தீ வந்திருச்சு, அப்பாவும் இல்ல. அவரு இருந்தப்பவே அந்த வேலைல புழங்குற வார்த்தையெல்லாம் கேட்டு எழுதி வைக்காம விட்டுட்டேனேன்னு இன்னிக்கும் அடிச்சுக்குது.

கன்னங்குறிச்சி:
எழுதி வைங்க, ஆனா அவசரப்பட்டு கருத்த சேக்காதீங்க. ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கிற பழைய சினிமா ஸ்டுடியோவோட வாசல் வளைவு இருக்கே, டி.ஆர்.சுந்தரம் 1935ல ஆரம்பிச்சு நூறு படத்துக்கு மேல எடுத்த எடம், அதப் பாத்தாலே ஆளாளுக்கு காலம் போச்சேன்னு ஒரு பக்கம் எழுதிடுறாங்க. எங்க தாத்தா அங்க செட் ஆசாரி. அவரு சொன்னதுல எனக்கு மனசுல நிக்கிறது ஒண்ணுதான். அரண்மனைத் தூணுக்கு சாக்கு சுத்தி மாவுப் பசை தடவி வச்சா, ராத்திரி மாடு வந்து நக்கிட்டுப் போயிருமாம், விடியறதுக்குள்ள திரும்பத் தடவணுமாம். உங்களுக்கு அந்த தூக்குப்போசி கெடைச்சிருக்கு, அத விட்டுராதீங்க.

காப்பிக்காடு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரியே நாலு பக்கம் எழுதிட்டேன், செலவான மாதிரி தெரியல, இன்னும் கேக்கத்தான் தோணுது. செவ்வாய்ப்பேட்டை அண்ணா, அப்பா ஊதுறப்ப மூச்சு எப்ப விடுவாரு?

செவ்வாய்ப்பேட்டை:
விடவே மாட்டாரு. மூக்கால இழுத்துக்கிட்டே கன்னத்துல இருக்கிற காத்த வெளிய தள்ளிட்டு இருப்பாரு, தீ ஆடவே ஆடாது. அந்த ஊதுகுழல் பரண் மேல கெடக்கும்னு அம்மா சொல்லுது, ஞாயித்துக்கெழமை ஏறிப் பாக்குறேன்.