கோலார் தங்கவயல்: மூடிய சுரங்கங்களைப் படமெடுக்க அனுமதி உண்டா?

கேள்வி – நிழல்வெளி:
கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கங்களின் எச்சங்களை, குறிப்பாகச் சாம்பியன் ரீஃப் பகுதியில் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கோபுரங்களையும் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களையும் சயனைடு மேடுகளையும், கருப்பு வெள்ளையில் படமெடுக்க விரும்புகிறேன். இணையத்தில் காணும் படங்களில் ஊரே ஆளரவமற்றுத் தெரிகிறது. உள்ளே செல்ல அனுமதி வேண்டுமா? எந்தப் பருவத்தில் வரலாம்?

மறுமொழி – ஊரிகாம்வாசி:
ஆளரவமற்றவை சுரங்க வளாகங்கள்தாம், ஊர் அல்ல. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்கு ஒரு மாலை வந்து பாருங்கள், நெரிசலில் நடக்க முடியாது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டிய காலத்தில் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அன்று தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வசிக்கிறார்கள். அவர்களில் பலர் விடியுமுன்னே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். தகரக் கூரையும் உதிர்ந்த சுவரும் படத்துக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அது ஒருவருடைய வீடு என்பதால் கேட்டுவிட்டு எடுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

சுரங்க நிலம் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்துக்கு உரியது. ஆகவே வளாகத்துக்குள் செல்ல எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்; கிடைக்காவிட்டால் சாலையிலிருந்து தெரிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் எண்ணமே வேண்டாம். நீரிறைப்பு நின்றபின் கீழ்த்தளங்கள் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன.

மறுமொழி – ஒளிமானி:
சயனைடு மேடு என்பது, பாறையைப் பொடித்துச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. மழைநீர் அதில் அறுத்த ஓடைகள்தாம் படத்துக்கு உயிர் தருபவை. உச்சி வெயிலில் அவை தட்டையாகிவிடுவதால், சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு ஒளியில் எடுக்க வேண்டும். என் தேர்வு மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்கள். கோடைக்காற்றில் எழும் நுண்துகள் நுரையீரலுக்கும் கேமராவுக்கும் கேடு. முகக்கவசம் அணியுங்கள், வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

மறுமொழி – பாறைமகன்:
கோபுரத்தைத் தனியே வானத்தோடு சேர்த்து எடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம் போனது. அந்தச் சுரங்கத்தில்தான் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களை (விண்கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் நுண்துகள்களை) பதிவுசெய்த, உலகின் முதல் ஆய்வுகளுள் ஒன்று நடந்தது. காவிரிக்கரைச் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இலேயே மின்சாரம் கொண்டுவரப்பட்டது இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். இவ்வளவையும் ஒரு படம் சொல்லிவிடாது; எனினும் கோபுரமும் அதன் கீழுள்ள லைன் வீடுகளும் ஒரே படச்சட்டத்தில் அமைந்தால், யாருடைய உழைப்பு அது என்பதாவது தெரியும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் ரயில் கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன் என்று சுரங்கப் பகுதிகளின் வழியாகவே போகிறது. முதல் நாள் அதில் ஒருமுறை போய்வந்து, எங்கே இறங்குவது என்று முடிவு செய்யுங்கள்.