சின்னப் பிள்ளைகிட்ட வீட்டில் வெல்ஷ் பேசணுமா? வேல்ஸ்வாழ் பெற்றோர் கருத்துச் சொல்லுங்க

கார்டிஃப் கயல்
மகளுக்கு ரெண்டரை வயசு. செப்டம்பர்ல இருந்து வேல்ஸ் மொழியான வெல்ஷ்ல நடக்குற மழலையர் குழுவுக்கு (இங்க 'கில்ஹ்'னு சொல்றாங்க) அனுப்பப் போறோம். சேர்க்கும்போதே ஒரு தாள் குடுத்தாங்க. காலையில 'போரே டா', கூப்பிட 'டெரே மா', நல்லா செஞ்சா 'டா யவ்ன்', இப்படி ஒரு பக்கம் முழுக்க. வீட்டுலயும் சொல்லிப் பழக்குங்கன்னாங்க. எங்க வீட்டுல தமிழ்தான். "தமிழே தள்ளாடுது, இதுல இது வேறயா"ங்கறார் வீட்டுக்காரர். நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

திருச்சி ராஜா
உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. வெல்ஷ் வழிப் பள்ளியில ஏழு வயசு வரைக்கும் எல்லாமே வெல்ஷ்தான், அதுக்கப்புறம்தான் ஆங்கிலப் பாடமே. இங்கிலீஷைத் தெருவும் டிவியும் பார்த்துக்கும். தமிழுக்கு உங்க ரெண்டு பேரை விட்டா நாதியில்லை. அந்தத் தாளை இங்கிலீஷ் பேசுற வீட்டுக்காக எழுதியிருக்காங்க. அவங்க ஒரு வெல்ஷ் வார்த்தை சொன்னா போறது இங்கிலீஷ். நீங்க சொன்னா போறது தமிழ்.

ஸ்வான்சீ செல்வி
ராஜா அண்ணா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, உங்க வீட்டுல ஓடுறது தமிழா? "ஷூ போடு, ஹேண்ட் வாஷ் பண்ணு, மில்க் ஃபினிஷ் பண்ணு." எங்க வீட்டுத் தமிழ் இந்த லட்சணத்துலதான் இருந்துச்சு. நான் அந்த இங்கிலீஷ் துண்டுகளை மட்டும்தான் மாத்தினேன். வெளிய கிளம்பும்போது வாசல்ல நின்னு 'ப்லே மாய் ட எஸ்கிட்யெ?' (ஷூ எங்கே?). சாப்பாட்டுக்கு முன்னாடி 'கோல்ஹா ட துய்லோ' (கை கழுவு). கதை, கொஞ்சல், சண்டை எல்லாம் தமிழ்லதான்.

கயல், 'க்லுப் குட்ச்'னு ஒரு இலவச வகுப்பு இருக்கு. எட்டு வாரம். சின்னப் பிள்ளைகள்ட்ட பேசுறதுக்குன்னே நடத்துறது. 1971ல ஆரம்பிச்ச முடியாட் மெய்த்ரின்ங்கற அமைப்புதான் நடத்துறாங்க. கில்ஹ் குழுக்களும் அவங்களோடதுதான்.

ஒரு எச்சரிக்கை: ராத்திரிக்கு 'நோஸ் டா'. எங்க பொண்ணு வீடியோ கால்ல ஆச்சிக்கு அதைச் சொல்ல, "யாரைப் பாத்து டா போடுறா இவ?"ன்னு ஒரே களேபரம்.

திருச்சி ராஜா
செல்வி, சிரிச்சேன். ஆனா நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிட்டீங்க. 'மில்க் ஃபினிஷ் பண்ணு' இருந்த இடத்துல 'பாலைக் குடிச்சு முடி' வந்திருக்கணும். தமிழ் விட்டுக்கொடுத்த இடம் அது. காலி பண்ணி வாங்கினீங்க, வாங்கின கையோட மூணாவது ஆளுக்குக் குடுத்துட்டீங்க.

பேங்கர் பாண்டியன்
ராஜா சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். மீதி பாதிக்கு வடக்கே வந்து பாருங்க. எங்க க்வினெத் மாவட்டத்துல மூணுல ரெண்டு பேருக்குக் கிட்டத்தட்ட வெல்ஷ் தெரியும். கடையில, பஸ்ல, பக்கத்து வீட்டுல எல்லாம் அதுதான். அங்க இது வெறும் பள்ளிக்கூடத்து மொழி இல்லை. (கயல், 'டெரே மா' தெற்கத்திப் பேச்சு. எங்க ஊர்ல 'டிர்ட்'. பாலுக்குக்கூட வேற சொல். பேங்கர் பக்கம் மாறி வந்தா தாளும் மாறும்.)

ஆனா இந்தத் துண்டு வாக்கியங்களால மொழி வளரும்னு யாரும் நினைக்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வேல்ஸ் முழுக்க வெல்ஷ் தெரிஞ்சவங்க 19 சதவீதம், 2021ல 17.8. குறைஞ்சதுல பெரும்பங்கு 3 முதல் 15 வயசுப் பிள்ளைகள். 2050க்குள்ள பத்து லட்சம் பேர்னு அரசு இலக்கு வச்சிருக்கும்போதே இந்த நிலை. கார்டிஃப் மாதிரி ஊர்கள்ல வெல்ஷ் பள்ளிப் பிள்ளைங்களே மணி அடிச்சதும் மைதானத்துல இங்கிலீஷுக்குத் தாவிடுறாங்க. பிள்ளைக்குப் பிரயோஜனம் இருந்தா சொல்லுங்க. வெல்ஷைக் காப்பாத்தறோம்னு சொல்லாதீங்க.

புது டாக்டர்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ட்ரெய்னிங் முடிஞ்சா பாதி பேர் பர்மிங்காம், லீட்ஸ்னு போயிடுவோம். அந்த நேரத்துல ஃப்ரெஞ்ச் சொல்லிக் குடுத்தாலாவது ஆகும்.

பேங்கர் பாண்டியன்
டாக்டர், ரெண்டரை வயசுக் குழந்தை சி.வி. எழுதலை. அப்புறம் இந்த 'எதுக்கு ஆகும்' கேள்வி இந்த ஊருக்குப் புதுசு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுல வகுப்புல வெல்ஷ் பேசின பிள்ளை கழுத்துல 'வெல்ஷ் நாட்'னு ஒரு மரக்கட்டையை மாட்டுவாங்க. அடுத்து யார் வெல்ஷ் பேசுறாங்களோ அவங்க கழுத்துக்கு மாறும். கடைசியா யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கு அடி. தமிழ் பேசினா ஃபைன் போட்ட ஸ்கூல்ல படிச்சவங்க இந்த இழைல எத்தனை பேர் இருக்கீங்கன்னு கை தூக்குங்க.

புது டாக்டர்
நானும் ஃபைன் கட்டினவன்தான். ஆனா போஸ்டிங் ஆர்டர் வரலாறு பார்த்து வராது.

ஸ்வான்சீ செல்வி
எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க. முதல் வாரத்தை யோசிங்க. கில்ஹ்ல மத்த பிள்ளைங்களுக்கு வெல்ஷ் புரியலைன்னா டீச்சர் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுச் சமாளிப்பாங்க. நம்ம பிள்ளைக்கு அந்த இங்கிலீஷும் கிடையாது. தமிழ் மட்டும் பேசுற வீட்டுக்குத்தான் அந்தத் தாள் அதிகம் தேவை. எங்க பொண்ணு முதல்ல ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லத் தெரியாம, பவுடர் பெயிண்ட் மேசைக்குப் பக்கத்துல கால் மாத்தி கால் மாத்தி நின்னுருக்கா. டீச்சர் டான்ஸ் ஆடுறான்னு நினைச்சுக் கை தட்டினாங்களாம். அன்னிக்கு ராத்திரியே கத்துக்குடுத்தேன், 'கா ஈ வின்ட் ஈர் டீ பாஹ்' (டாய்லெட் போகலாமா?). இதுக்குப் பதிலா பிள்ளைக்கு நான் எந்தத் தமிழ் வாக்கியத்தைக் குடுத்திருக்கணும், ராஜா அண்ணா?

திருச்சி ராஜா
அது அவசரத்துக்குக் கத்துக்கறது. வீட்டுல பேசுறதுல சேராது. மகளுக்கு ஒரு தடவை சொல்லிக் குடுங்க, கில்ஹ்ல அவ சொல்லிக்கட்டும். நீங்க ஏன் தினமும் சமையலறைல சொல்லணும்?

ஸ்வான்சீ செல்வி
ரெண்டரை வயசுக்கு ஒரு தடவை சொன்னா ஒட்டுமா? தினமும் நம்ம டாய்லெட் வாசல்ல சொன்னாத்தான் அங்க வாயில வரும்.

கார்டிஃப் கயல்
டாய்லெட் விஷயம் எனக்குத் தோணவே இல்லை, நன்றி செல்வி. இப்போதைக்கு அந்தத் தாள்ல இருந்து அது, கை கழுவுறது, 'டெரே மா', இந்த மூணு மட்டும் எடுத்துக்கறோம். பால் பாலாவே இருக்கட்டும், மில்க் கிடையாது. வீட்டுக்காரரும் சரின்னுட்டார்.

திருச்சி ராஜா
மூணுன்னு சொல்லியிருக்கீங்க. கிறிஸ்துமஸுக்கு இதே இழையில வந்து எத்தனை ஆயிருக்குன்னு சொல்லணும். பாலுக்கு என்ன சொல்றீங்கன்னும் சேர்த்து.