ஏர் கன் பார்சலை பேக்கரியில் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஏலத்தோட்டம் எழுதியது:

கேரளத்தில் வண்டன்மேடு பக்கம் எங்களுக்குத் தோட்டம், வீடு கூடலூரில். நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பம் தாண்டி லோயர் கேம்புக்கு முன்னால் வருகிற கூடலூர். ஏலக்காய்ச் சரத்தைக் குரங்கு என்ன பாடுபடுத்தும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாலு மூலையிலும் பழைய தகரத்தைக் கட்டி, அதில் குண்டு படும்படி சுட்டால் சத்தத்துக்கே ஓடிவிடும் என்றார்கள். அதற்காக 0.177 அங்குலக் குழாய் உள்ள ஏர் கன் (காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி) ஒன்று ஆர்டர் போட்டேன். கடைக்காரர் ஆதார் நகல் கேட்டு வாங்கினார், வயதைச் சரிபார்த்தார். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

கூரியர்காரர்கள் அதை முதலில் நீலகிரிக்கு அனுப்பினார்கள். முகவரியில் தேனி மாவட்டம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அங்கிருந்து திரும்பி மதுரை வந்து, மறுபடி எங்கோ போய், ஒருநாள் மத்தியானம் 'பெற்றுக்கொண்டார்' என்று செய்தி வந்தது. அப்போது நான் தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டில் யாரும் வாங்கவில்லை. டெலிவரி பையனுக்குப் போன் அடித்தால், "அண்ணே, வீடு பூட்டிக் கெடந்துச்சு, முக்கு பேக்கரியில குடுத்துட்டேன்" என்கிறான்.

இறங்கி வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பேக்கரிக்காரர் முன்னால் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். பின்னால் ரொட்டி ட்ரே அடுக்கியிருந்த இடத்தில் அவர் பேரன். நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிறவன். அட்டைப்பெட்டி கிழிந்து கிடக்கிறது. துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழாயின் வாயில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறான். குண்டு டப்பா மூடி திறந்து பக்கத்திலேயே.

குண்டு போடவில்லை, அது தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் கண் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. லைசென்ஸ் வேண்டாத சாமான் என்றால் யார் கையிலும் திணித்துவிட்டுப் போகலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

*

புளியரை வழி எழுதியது:

எங்களுடையது ஏர் கன் இல்லை, அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஆரியங்காவு பக்கம் தோட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய கேரள லைசென்ஸ். ரிப்பேருக்கு மதுரையில் கொடுத்திருந்தோம். வேலை முடிந்ததும், "கூரியரில் போட்டுவிடுங்களேன்" என்று அப்பா கேட்டிருக்கிறார். கடைக்காரர் போனிலேயே கையெடுத்துக் கும்பிட்டாராம். லைசென்ஸ்காரர் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு ஆள் வர வேண்டும். 1959 ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது: ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அதிகாரத்தோடு வேறொருவர் கொண்டுபோகலாம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. நான்தான் போனேன். செங்கோட்டை தாண்டி புளியரையில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. உறையைப் பார்த்ததும் என்னை மட்டும் கீழே இறக்கினார்கள். கடிதம், லைசென்ஸ் நகல், ரிப்பேர் ரசீது எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒரு போலீஸ்காரர் செல்போன் வெளிச்சத்தில் அப்பாவின் கையெழுத்தை வரிவரியாக வாசிக்கிறார். அப்பா அந்தக் காலத்து ஆள், கடிதத்தை 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கியிருந்தார். அவர் அதையும் சத்தமாக வாசித்தார். மொத்த பஸ்ஸும் ஜன்னல் பக்கம் சாய்ந்து என்னைப் பார்க்கிறது. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் போலீஸ்காரர் சிரித்துவிட்டு, "அப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார்.

*

பழைய தபால் எழுதியது:

புளியரை வழி தம்பி, கடிதம் மட்டும் போதாது. லைசென்ஸில் 'செல்லுபடியாகும் பரப்பு' என்று ஒன்று இருக்கும். மாவட்டமா, மாநிலமா, இந்தியா முழுவதுமா என்று பாருங்கள். கேரளத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸை வைத்துக்கொண்டு மதுரைவரை கொண்டுபோனதே தவறு. சிரித்து அனுப்பிய போலீஸ்காரர் நல்லவர், அவ்வளவுதான். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

என் அனுபவம் சின்னது. தபாலாபீஸ் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒருவர் துணி சுற்றிய நீளப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். "உள்ளே என்ன?" என்றேன். "குடை" என்றார். கனத்தைப் பார்த்தால் குடை இல்லை. பிரிக்கச் சொன்னதும் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்தான். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஏலத்தோட்டம் அவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். எல்லை ஊர்க்காரர்கள் முகவரி எழுதுவதில் எப்போதுமே அசட்டை. கூடலூர் இரண்டு, சித்தூர் இரண்டு. பாலக்காட்டுச் சித்தூர் 678101, ஆந்திரச் சித்தூர் 517001. பொட்டலத்தை இழுத்துப்போவது ஊர்ப்பெயர் இல்லை, பின்கோடுதான். முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாடும் கேரளமும் இரண்டுமே 6. இரண்டாவது இலக்கத்தில்தான் பிரிகிறது, 67 முதல் 69 வரை கேரளம். கம்பம் 625516, குமுளி 685509. நடுவில் ஒரு மலைதான், ஆனால் பொட்டலத்துக்கு அது வேறு உலகம். தென்காசி 2019-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது, இன்னமும் பலர் திருநெல்வேலி மாவட்டம் என்றே எழுதுகிறார்கள்.

அடுத்தது பொறுப்பு. தபாலில் தொலைந்தால் துறையை இழுத்துப்பிடிக்க முடியாது என்று 1898 அஞ்சலகச் சட்டத்தின் 6-ஆம் பிரிவிலேயே இருந்தது. இப்போது 2023 அஞ்சலகச் சட்டம், 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் விதிகளில் சொன்ன அளவுக்குத்தான் பொறுப்பு. விலை உயர்ந்த சாமான் என்றால் இன்ஷூர் செய்து அனுப்ப வேண்டும். தனியார் கூரியர் கதை வேறு. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. டெலிவரிச் செய்தி, பையனோடு பேசிய அழைப்புப் பதிவு, கிழிந்த பெட்டியின் படம், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது வேறொருவரை வாங்கச் சொல்வதென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. பேக்கரிக்காரர் மேல் கோபப்படாதீர்கள், அவர் உபகாரம் செய்தவர்.

*

நகரி தறி எழுதியது:

தபால் ஐயா, பின்கோடு சரியாக எழுதினால் எல்லாம் வந்துவிடும் என்கிறீர்கள். நாங்கள் நகரிக்கு 517590 என்று எழுதாத நாளே இல்லை. எங்கள் சாமான் திருத்தணி வரை வந்து, "இது ஆந்திரா" என்று சென்னைக்கே திரும்பிப் போகும். அப்புறம் திருப்பதி வழியாகச் சுற்றி வரும். திருத்தணியிலிருந்து பைக்கில் போய்வருகிற தூரம்.

என் கதை துப்பாக்கியே இல்லாத துப்பாக்கிக் கதை. சேலை பேக்கிங்குக்கு பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கிச் சுருக்குகிற ஹீட் கன் வாங்கினேன். பெட்டியில் 'கன்' என்று போட்டிருந்தது. வரவே இல்லை. கூரியர் கிடங்குக்கே போனேன். உள்ளே இருந்தவர் ரகசியமாக என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "லைசென்ஸ் உந்தா (இருக்கிறதா)?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியை இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்! அங்கேயே பிரித்து, பிளக்கில் சொருகி, சூடான காற்றை அவர் கையில் பட விட்டுக் காட்டினேன். "ஓ, டிரையரா" என்றார். கையெழுத்தும் வாங்கவில்லை, அடையாள அட்டையும் கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்.

அங்கே பேக்கரியில் நிஜத் துப்பாக்கியைக் கொடுக்கிறார்கள், இங்கே டிரையருக்கு அலமாரிப் பூட்டு.

*

டல்லாஸ் சித்தூரான் எழுதியது:

நான் பாலக்காட்டுச் சித்தூர், இப்போது டெக்ஸஸ். இங்கே துப்பாக்கி வாங்குவது கடலை மிட்டாய் வாங்குவதுபோல என்று ஊரில் நினைக்கிறார்கள். ஆன்லைனில் பணம் கட்டலாம், உண்மைதான். ஆனால் வேறு மாநிலக் கடையிலிருந்து வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. 1968 துப்பாக்கிச் சட்டப்படி, உங்கள் ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரு வியாபாரி கடைக்குத்தான் போகும். அங்கே போய் 4473 என்கிற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் தருவார்கள். கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பக்கூடாதென்று 1927-லேயே சட்டம் போட்ட நாடு இது. எச்1பி விசாக்காரர்களுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு தவிர. எனக்குக் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன்.

பெட்டி வேறு கடைக்குப் போய்விட்டது. ஒரே பெயரில் இரண்டு கிளை. அதைக்கூட விடுங்கள். படிவத்தில் என் பெயர். நமக்கு அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி. கடைக்காரி கணினியைத் திருப்பிக் காட்டினாள், 'தாமதம்' என்று வந்திருந்தது. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று இங்கே விதி. அவள் கொடுக்க மாட்டேன் என்றாள். "உன்னை எனக்குத் தெரியாது, காத்திரு." பணம் கட்டின சாமான் அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் தெரிகிறது. எரிச்சலாக இருந்தது. ஏலத்தோட்டம் எழுதியதைப் படித்த பிறகு அந்த அம்மாளுக்குக் கடுதாசி போட்டு நன்றி சொல்லலாமா என்று தோன்றுகிறது.

*

புளியரை வழி எழுதியது:

தபால் ஐயாவுக்கு: பரப்பு அனுமதி இல்லாமலா எடுத்துப்போவோம்? தமிழ்நாட்டுக்கும் சேர்த்து முன்பே எழுதி வாங்கியிருக்கிறோம். கதையில் அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் இது கதை, மனு இல்லை. குடை கொண்டுவந்தவர் கதையை இன்னும் நாலு வரி எழுதியிருந்தால் சந்தோஷமாகப் படித்திருப்பேன்.

*

பழைய தபால் எழுதியது:

இருந்தால் சரி. சந்தேகத்தைக் கேட்டேன். இன்னொன்று, தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைத்ததும் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

*

களியக்காவிளை பத்து மீட்டர் எழுதியது:

நான் ஏர் பிஸ்டல் சுடுகிறவள், பத்து மீட்டர் பிரிவு. சீல் கசிந்ததால் சர்வீசுக்கு அனுப்பியிருந்தோம். அப்பா காற்று சிலிண்டரைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டார், அழுத்தக் காற்றோடு கூரியர் எடுக்க மாட்டார்கள்.

திரும்பி வருகிற அன்று டெலிவரிக்காரர் போன் செய்து ஓடிபி கேட்டார். "எங்கே இருக்கீங்க அண்ணா?" என்றேன். பாறசாலையில் என்றார். எங்கள் வீடு இந்தப் பக்கம். "ஓடிபி சொல்லுங்க, நாளைக்குக் கொண்டாறேன்." கொடுக்க மாட்டேன் என்றேன். குரல் மாறிவிட்டது. "துப்பாக்கின்னு எழுதியிருக்கு, போலீசுல சொல்லட்டுமா?" எனக்குப் பதினேழு வயது, கை நடுங்கியது. ஆனால் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது மனப்பாடம். 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குழாய், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதைச் சொல்லி, "சொல்லுங்க அண்ணா, ஸ்டேஷன்லயே வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். வைத்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

அந்த மிரட்டல்தான் ஆறவில்லை. அடுத்த போட்டியில் முதல் சில குண்டு எல்லாம் பத்துக்கு ஏழும் எட்டுமாகத்தான் விழுந்தது.

*

மறையூர் சர்க்கரை எழுதியது:

தங்கச்சி, சபாஷ். ஏலத்தோட்டம் அண்ணே, நடுவில் ஒரு கேள்வி. அந்தத் தகர வித்தை பன்றிக்கு வேலை செய்யுமா? எங்கள் கரும்பை உழுது போட்டுவிட்டுப் போகிறது. ஏர் கன் ஆர்டர் போடலாமா?

*

ஏலத்தோட்டம் எழுதியது:

பன்றிக்கு ஏர் கன்னெல்லாம் ஆகாது தம்பி. பட்டால் கோபம்தான் வரும், அப்புறம் நீங்கள் மரம் ஏற வேண்டும். நீங்கள் கேரளத்துப் பக்கம் என்பதால் வழி இருக்கிறது. 2022-லிருந்து பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவு போட பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம். லைசென்ஸ் உள்ள, பட்டியலில் இருக்கிற ஆள்தான் சுட வேண்டும், நீங்களாக இறங்கக்கூடாது. மனுவில் சர்வே எண்ணைப் போடுங்கள்.

தபால் ஐயா, பின்கோடு சரியாகத்தான் எழுதியிருந்தேன். பேக்கரிக்காரர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, அவர்தான் என்னைப் பார்த்தால் இப்போது டீக்குக் காசு வாங்க மறுக்கிறார். 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிவிட்டேன். கூரியர் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, கிழிந்த பெட்டிக்கு நஷ்டஈடு தருகிறோம் என்றார். பெட்டியைப் பற்றி யார் பேசினார்கள் என்று கேட்டதற்கு, மேலதிகாரியிடம் பேசிவிட்டுச் சொல்கிறாராம். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.