கேசட் திருடியதற்கு 50 வருஷம் சிறை: சட்டம் இதை எப்படி ஏற்றுக்கொள்கிறது?

இளவேனில் (கேள்வி)

ஒரு வழக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து ரெண்டு நாளாக மனசு அதிலேயே கிடக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். 1995-ல் கலிபோர்னியாவில் ஒருவர் இரண்டு வார இடைவெளியில் இரண்டு கடைகளில் வீடியோ கேசட் திருடினார். மொத்தம் ஒன்பது கேசட், விலை 153 டாலர் சொச்சம். யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இரண்டு தடவையும் கடையை விட்டுக் கிளம்பும்போதே பிடிபட்டுவிட்டார். முதல் கடைக்கு 25 வருஷம் முதல் ஆயுள் வரை, இரண்டாவது கடைக்கும் அதே, இரண்டையும் ஒன்று முடிந்து ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பு. அதாவது 50 வருஷம் உள்ளே கழித்த பிறகுதான் பரோல், அதாவது நிபந்தனையோடு விடுதலை, என்ற பேச்சே எழும். பிடிபட்டபோது அவருக்கு வயது 37.

அதே மாநிலத்தில் திட்டமிடாமல் செய்த கொலைக்கு 15 வருஷம் முதல் ஆயுள். ஒன்பது கேசட்டுக்கு அதைவிட மூன்று மடங்குக்கும் மேல்! 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், ஒன்பது நீதிபதிகளில் 5-க்கு 4 என்ற கணக்கில் தண்டனை செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அளவுக்கு மீறிய கொடூரத் தண்டனை கூடாது என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கும்போது, இது எப்படி நடந்தது? நீதிபதியின் கை அவ்வளவு கட்டப்பட்டிருந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்

அந்த ஆளைத் தண்டித்தது கேசட்டுக்காக இல்லை, பழைய கணக்குக்காக. அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். 1993-ல் அங்கே 12 வயதுச் சிறுமி ஒருத்தியை வீட்டிலிருந்தே கடத்திக் கொன்றார்கள். கொன்றவன் பல தடவை சிறை போய் வந்தவன். மக்கள் கொதித்துப்போனார்கள், கொதித்ததில் தப்பே இல்லை. அந்தக் கொதிப்பில் 1994-ல் வந்ததுதான் மூன்றாம் முறைச் சட்டம். ஏற்கெனவே இரண்டு கடுமையான குற்றங்கள் பதிவில் இருந்து, மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் குறைந்தது 25 வருஷம்.

அந்த 'எந்த' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் தடம் புரண்டது. கடையில் சின்னப் பொருள் திருடுவது சாதாரணமாகச் சிறு குற்றம், சில மாதச் சிறை. ஆனால் முன்பே திருட்டுக்காகச் சிறை போனவர் என்றால் அதையே பெருங்குற்றமாக வழக்குப் போட அரசு வக்கீலுக்கு இடம் இருந்தது. கேசட் திருடியவருக்கு 1983-ல் வீடு புகுந்து திருடிய வழக்குகள் இருந்தன. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய விஷயம். அதை எடுத்து இதோடு கோர்த்தார்கள், முடிந்தது கதை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1996-ல் கலிபோர்னியாவின் சொந்த உச்ச நீதிமன்றம், பழைய குற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. அதனால் கை முழுக்கக் கட்டப்பட்டிருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில் கடிவாளம் அரசு வக்கீல் கையில்தான் இருக்கிறது. 1978-ல் தீர்ப்பான கென்டக்கி வழக்கு ஒன்றைப் பாருங்கள். 88 டாலர் 30 சென்ட் மதிப்புள்ள ஒரு போலிச் செக். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 5 வருஷம் கேட்கிறேன், ஒப்புக்கொள்ளாமல் விசாரணை வேண்டும் என்றால் திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்ற பிரிவைச் சேர்த்து ஆயுள் வாங்கித் தருகிறேன் என்று அரசு வக்கீல் நேராகவே சொன்னார். அந்த மனிதர் விசாரணை கேட்டார். ஆயுள் தண்டனை கிடைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதையும் 5-க்கு 4-ல் ஏற்றுக்கொண்டது. செக் அதே செக், ஆளும் அதே ஆள். ஐந்து வருஷம் ஆயுளாக மாறியதற்குக் காரணம், விசாரணை கேட்கும் உரிமையை அவர் பயன்படுத்தியது மட்டும்தான். எனக்கு இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

தனிவழி

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபப்பட வேண்டாம். என் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு முறை திருட்டு நடந்தது. போன பொருளை விடுங்கள், என் அம்மா அதற்கப்புறம் பல மாதம் ராத்திரி தூங்கவில்லை, காற்றில் கதவு ஆடினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதனால் 'சின்னக் குற்றம்' என்று நீங்கள் சுலபமாகச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. வீடு புகுந்து திருடிய பழைய வழக்குகள் அந்த ஆள் மேல் இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திரும்பத் திரும்பச் செய்கிறவனை எத்தனை தடவை மன்னிப்பது? உள்ளே இருக்கும்வரையாவது இன்னொருவர் வீட்டுக் கதவு பத்திரமாக இருக்கும் இல்லையா?

மழைக்காலம்

@தனிவழி, உங்கள் அம்மாவின் பயம் சின்னது என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். வீடு புகுந்து திருடியவனுக்குச் சிறையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுத் திருட்டுகளுக்கு அவர் அப்போதே தண்டனை வாங்கிவிட்டார். மறுபடி திருடினால் கூடக் கொஞ்சம் போடுங்கள், சரி. 50 வருஷம் என்பது அந்தக் 'கூடக் கொஞ்சம்' கிடையாது, ஒரு மனுஷனின் மிச்ச ஆயுசு முழுக்க.

இன்னொன்று, திருடப் போகிறவன் வருஷக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு போவதில்லை, மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் போகிறான். நிச்சயம் பிடிபடுவோம் என்ற பயம் தடுக்கிற அளவுக்குத் தண்டனையின் நீளம் தடுப்பதில்லை என்று இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். வயதும் ஒரு விஷயம். குற்றம் செய்வது பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் உச்சத்தில் இருந்து அப்புறம் தானாகவே இறங்கும். அறுபது, எழுபது வயதுக் கிழவரைப் பூட்டி வைத்து எந்த வீட்டுக் கதவைக் காப்பாற்றுகிறோம்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலைதான் இது.

அமெரிக்கா மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2005-லிருந்து ஒரு தண்டனை இருந்தது, முடியும் தேதியே இல்லாதது. நீதிபதி குறைந்தபட்சக் காலம் ஒன்றைச் சொல்வார், சிலருக்கு அது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. அது முடிந்ததும் இனி இவரால் ஆபத்து இல்லை என்று பரோல் வாரியம் நம்ப வேண்டும். நம்ப வைக்க சிறைக்குள் சில பயிற்சிகளை முடிக்க வேண்டும். பல சிறைகளில் அந்தப் பயிற்சிகளுக்கு இடமே கிடைக்கவில்லை! அப்புறம் எப்படி வெளியே வருவது? 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே இதைத் தவறு என்றது. அதே வருஷம் அந்தத் தண்டனையை ரத்தும் செய்தார்கள். ஆனால் ஏற்கெனவே அதை வாங்கியவர்களுக்கு ரத்து பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள். 2024-லும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒருமுறைகூட விடுதலையாகாமல் உள்ளேயே இருந்தார்கள். என்று வெளியே வருவோம் என்று எண்ணுவதற்கு ஒரு நாள்கூடக் கையில் இல்லாமல் இருப்பதை யோசித்துப் பாருங்கள். தப்பு என்று அரசே ஒப்புக்கொண்டு எடுத்துவிட்ட தண்டனையை அவர்கள் மட்டும் இன்னும் அனுபவிக்கிறார்கள்.

பழைய_ஏடு

சட்டம் அளவு மீறும்போது அதை நடத்துகிற ஆட்களே பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில், ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. அந்த நூற்றாண்டு முடிந்த காலத்தில் தூக்குக்குரிய குற்றங்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல ஜூரியில் உட்கார்ந்த பொதுமக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதைவிட எவ்வளவோ அதிகம் பெறுமான பொருளாக இருந்தாலும் மதிப்பு 39 ஷில்லிங் என்று எழுதிவிடுவார்கள். ஒரு ஷில்லிங்கில் ஓர் உயிர் தப்பும். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தார்கள். சில சமயம் ஆளையே விட்டுவிடுவார்கள். கடுமையைக் கூட்டியதால் தண்டனை கிடைப்பதே நிச்சயமில்லாமல் போனது, @மழைக்காலம் சொன்ன அதே இடத்துக்குத்தான் இதுவும் வருகிறது.

அப்புறம், 'கொடூரத் தண்டனை கூடாது' என்ற விதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்களே @இளவேனில். 1980-ல் டெக்சாஸ்காரர் ஒருவர், மூன்று மோசடிகள் எல்லாம் சேர்த்து 230 டாலர்கூட வராது, ஆயுள் தண்டனை. செல்லும் என்றார்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில். 1983-ல் தெற்கு டகோட்டாக்காரர் ஒருவர், கணக்கே இல்லாத வங்கிக்கு 100 டாலர் செக் எழுதினார், பரோலே இல்லாத ஆயுள். செல்லாது என்றார்கள். இரண்டுமே 5-க்கு 4. முன்னவருக்கு என்றாவது பரோல் கிடைக்கலாம் என்பதையே பெரிய வித்தியாசமாகக் காட்டினார்கள். விதி இருக்கிறது, ஆனால் அதற்கு அளவுகோல் இல்லை, ஒரு நீதிபதி மாறினால் தீர்ப்பே மாறிவிடும்.

தனிவழி

அந்த 39 ஷில்லிங் விஷயத்தைப் படித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில் திருடியவனுக்கு நான் ஜூரியாக இருந்திருந்தால் 50 வருஷம் எழுதியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன். மூன்று, நான்கு வருஷம் கேட்டிருப்பேன். பிடிபட வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம், இன்றுவரை யாரும் பிடிபடவில்லை.

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி, @தனிவழி உங்களுக்கும் சேர்த்துத்தான். கடைசியாக ஒன்று. அந்தக் கலிபோர்னியாச் சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?

வழிப்போக்கன்

இல்லை. 2012-ல் மக்களே வாக்களித்து மாற்றினார்கள். மூன்றாவது குற்றமும் கடுமையானதாகவோ வன்முறையானதாகவோ இருந்தால்தான் 25 வருஷம், ஒருசில விதிவிலக்குகள் உண்டு. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களும் தண்டனையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள், இங்கிலாந்து செய்யாததை இவர்கள் செய்தார்கள். முதல் ஒரு வருஷத்துக்குள்ளேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பினார்கள்.