எஃப்.ஐ.வி கோடு விழுந்த கடுவன், கூடவே 3 மாசக் குட்டி: பிரிச்சு வைக்கணுமா?

திண்ணைப்பூனை:
4 வயசுக் கடுவன், கருத்தடை ஆகலை. மூணு நாள் முன்னாடி கன்னத்தில் கடிபட்டுச் சீழ் கட்டிடுச்சு. ரத்தம் சோதிக்கிற கிட்டில் பார்த்ததில் எஃப்.ஐ.வி (பூனையோட எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற வைரஸ்) பாசிட்டிவ், லுகேமியா வைரஸ் (எஃப்.இ.எல்.வி) நெகட்டிவ். வீட்டிலேயே ஒரு தாய்ப்பூனையும் அதோட 3 மாசக் குட்டியும் இருக்கு. குட்டிக்கும் எஃப்.ஐ.வி கோடு மங்கலா விழுது, தாய்க்கு இன்னும் பார்க்கலை. ஊசி போட்டு முடிச்சிடச் சொல்றாங்க. சாப்பாட்டுத் தட்டைப் பிரிக்கணுமா? நமக்குத் தொத்துமா?

மியாவ்_லேப்:
முடிக்கிற பேச்சே வேண்டாம். கிட் ஒண்ணுதான், ஆனா தேடுறது ரெண்டு. லுகேமியாவுக்கு வைரஸோட புரதத்தையே தேடும், எஃப்.ஐ.விக்கு உடம்பு தயாரிச்ச எதிர்ப்பொருளைத் தேடும். அந்த எதிர்ப்பொருள் தாய்ப்பால் வழியாவும் குட்டிக்கு வரும், தொற்று இல்லாமலே கோடு விழலாம். அதனால குட்டிக்கு 6 மாச வயசு தாண்டினதும் மறுபடி பாருங்க. மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான், நெகட்டிவ்னு எடுத்துக்காதீங்க.

கடுவனுக்கு விழுந்த கோடு இந்தக் கடியால வந்தது இல்லை. எதிர்ப்பொருள் தெரியவே சில வாரம், சமயத்தில் 60 நாள் ஆகும். இது பழைய தொற்று. இந்தக் கடியில் லுகேமியா வந்திருந்தா இப்ப தெரியாது, 30 நாள் கழிச்சுத் திரும்ப எடுங்க.

கொல்லைப்புறம்:
எஃப்.ஐ.வி முக்கியமா ஆழமான கடியில் பரவும்; பொதுத் தட்டு, ஒண்ணையொண்ணு நக்குறது எல்லாம் பெரிய ஆபத்தில்லை. எச்சிலும் பொதுத் தட்டும் பரப்புறது லுகேமியா. அதனால அந்த 30 நாள் மறுடெஸ்ட் வரைக்கும் கடுவன் தனி அறையில், தனித் தட்டோட இருக்கட்டும். மனுஷங்களுக்கு ரெண்டுமே தொத்தாது. சீழ் ஆறினதும் கருத்தடை, அப்புறம் வெளியே விடாதீங்க. பாதிச் சண்டை அதோட ஓயும்.

மியாவ்_லேப்:
6 மாசத்துக்கு ஒருமுறை எடை, வாய், ரத்த அணுக்கள், சிறுநீர் பாருங்க. 4 கிலோ பூனையில் 200 கிராம் குறைஞ்சா 5 சதவீதம், சின்ன விஷயமில்லை. ஈறு செவந்து எச்சில் ஒழுகுதா, சாப்பாட்டை மோந்துட்டு நகருதான்னு கவனிங்க. பச்சை மீன், பச்சைக் கறி கூடாது. படர்தாமரை வந்தா கிரிசியோஃபுல்வின் வேண்டாம்னு டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துங்க, எஃப்.ஐ.வி பூனைக்கு எலும்பு மஜ்ஜையை அடிச்சிடும்.

திண்ணைப்பூனை:
தாய்க்கு நெகட்டிவ் வந்தா?

மியாவ்_லேப்:
அப்போ தாய்ப்பால் கணக்கு உதைக்கும். குட்டி ரத்தத்தை பி.சி.ஆருக்கு (வைரஸோட மரபணுவையே தேடுற லேப் டெஸ்ட்) அனுப்புங்க. அது நெகட்டிவ்னு வந்தாலும் தப்பவிட வாய்ப்பிருக்கு, 6 மாச கிட்டை விடாதீங்க.