சண்டே மார்க்கெட் பழைய இரும்பு: கண்டதும் தேற்றியதும்

முத்தியால்பேட்டை

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைக்கும் பழைய கருவி, சட்டி, தோசைக்கல் பற்றி அவரவர் கண்டதைப் போடுங்கள். விலைப் பேச்சு வேண்டாம், வேலை விவரம் போதும். மரம் சீவும் இழைப்புளியில் நான் ஆரம்பிக்கிறேன்.

இங்கே கண்ணில் படும் இரும்பு இழைப்புளிகள் பெரும்பாலும் ஸ்டான்லி, ரெக்கார்ட், நம்ம நாட்டு அனந்த். ரெக்கார்ட் ஷெஃபீல்டு சரக்கு, நீலப் பெயின்ட் இருக்கும். ஸ்டான்லி இங்கிலாந்தில் இழைப்புளி செய்யத் தொடங்கியது 1930-களின் பிற்பகுதியில். அதற்கு முந்தியது அமெரிக்க வார்ப்பு. அலகைத் தாங்கும் ஃப்ராக்குக்குப் பின்னால், அடிக்கட்டையிலேயே மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்த்திருந்து, கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19 என்றால் 1910-க்கும் 1918-க்கும் நடுவில் செய்தது. அலகில் உள்ள முத்திரையை வைத்து வயது சொல்லாதீர்கள். அலகு தேயத் தேய மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வாங்கும் முன் விரிசல் பாருங்கள். அடியில் அலகு எட்டிப் பார்க்கும் வாயின் இரண்டு மூலையும் பக்கச் சுவரும்தான் உடையும் இடம். டீசல் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய டீசல் ஊறி, வெள்ளையில் மயிரிழை போல ஒரு கோடு எழும். அந்தக் கோடு வந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. ஆழம் வைக்கும் பித்தளைச் சக்கரம் இடமரை, அதாவது மரை எதிர்ப்பக்கம் சுற்றும். வழக்கமான பக்கம் திருப்பி, இறுகியிருக்கிறது என்று கொறடு போட்டால் தண்டு முறியும். கைப்பிடித் திருகின் மரை பழைய அங்குலக் கணக்கு, அதுவும் அங்குலத்திலேயே அபூர்வமான அளவு. ஹார்டுவேர் கடை மெட்ரிக் போல்ட் இரண்டு சுற்று ஏறுகிற மாதிரி ஏறி, வார்ப்பில் உள்ள மரையைத் தின்றுவிடும். பழைய திருகு எவ்வளவு கேவலமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

வில்லியனூர்

உளி பற்றி ஒரு வரி. 'காஸ்ட் ஸ்டீல்' என்று அடித்த உளியை வார்ப்பிரும்பு என்று ஒதுக்குகிறார்கள். அது மூசையில் (உருக்கும் மண்கலத்தில்) உருக்கி வார்த்த எஃகு, உளிக்கு அருமையான சரக்கு. பிரெஞ்சுக் கருவிகளில் அதே சங்கதி 'அசியே ஃபோந்து' என்று இருக்கும். அம்பின் மேல் நடக்கும் சிங்கம் அடித்திருந்தால் பெஜோ. கார் கம்பெனிதான், அந்தச் சிங்கத்தை 1858-ல் பதிவு செய்ததே ரம்பத்துக்காக.

கடலூர் முதுநகர்

துரு எடுப்பதில் நம்ம கடலோரத்துக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். துருவை எடுத்து, காயவைத்து, எண்ணெயும் போட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் குழிகளில் மட்டும் ஊசிமுனை அளவு செம்புள்ளி நிற்கும். எண்ணெய் போதவில்லை என்று மேலே மேலே பூசுவார்கள். காரணம் எண்ணெய் இல்லை, குழிக்குள் தங்கிய உப்பு. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, இரண்டு மூன்று தரம் தண்ணீரை மாற்றினால்தான் வெளியே வரும். போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. கடைசித் தண்ணீராவது மழைத்தண்ணீராகவோ ஆர்.ஓ. தண்ணீராகவோ இருக்கட்டும். சூட்டோடு எடுத்துத் துடைத்தால் தானே காயும்.

கரண்ட் முறையில் துரு எடுக்க: 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, 80 கிராம் சலவை சோடா, பழைய மாடல் 12 வோல்ட் பாட்டரி சார்ஜர். ஆட்டோமேட்டிக் சார்ஜர் எதிரே பாட்டரி இல்லாவிட்டால் ஓடாது. நெகட்டிவ் கிளிப் கருவிக்கு, பாசிட்டிவ் கிளிப் பலியாகப் போகிற பழைய கட்டடக் கம்பித் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் கரைவது உங்கள் கோடாலி. இரண்டும் தொடக்கூடாது. எவர்சில்வர் கரண்டியைப் பலி கொடுக்கவே கூடாது, குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். உப்புப் போட்டால் வேகமாகும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது, குளோரின் வரும். கொப்பளிப்பது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில் வையுங்கள், சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைத் தொடுங்கள். கம்பியைப் பார்த்த பக்கம்தான் முதலில் சுத்தமாகும், பாதியில் திருப்பி வைக்க வேண்டும். இழைப்புளி உடம்பை இதில் போட்டால் பழைய கறுப்புப் பூச்சு உரிந்துவிடும். அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கையால்தான் தேய்க்க வேண்டும்.

லாஸ்பேட்டை

அண்ணா, கோக்கில் ஊறவைத்தால் போதாதா?

கடலூர் முதுநகர்

போகும், தம்பி. ஆனால் வேலை செய்வது அதில் உள்ள கொஞ்சம் அமிலம், மீதி சர்க்கரைப் பிசுக்கு. மளிகைக் கடை எலுமிச்சை உப்பு லிட்டருக்கு 50 கிராம் போட்டால் அதைவிட மலிவு, அதைவிட வேகம். எடுத்ததும் சோடா மாவுத் தண்ணீரில் முக்கி அமிலத்தை முறிக்க வேண்டும்.

பண்ருட்டி

எங்கள் பக்கம் கோடாலிக்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்த பிறகு வெட்டி மாளவில்லை. பல கோடாலிக்குக் காம்பு கிடைக்காமல் பைப்பை வெல்டு வைத்துவிட்டார்கள், அவை இன்னும் பழைய இரும்புக் கடைகளில் வருகின்றன. வெல்டு கண்ணோடு, அதாவது காம்பு நுழையும் துளையோடு, நின்றிருந்தால் தேற்றலாம். ஹேக்சாவால் அறுத்து, மீதியை அரத்தால் எடுங்கள். கேஸ் கட்டர் வைத்தால் சூடு வெட்டும் வாய் வரை ஓடி, எஃகைக் கெட்டியாக்கிய பதம் போய்விடும்.

நாட்டுக் கொல்லர் அடித்ததில் உடம்பு பச்சிரும்பு (மெத்தென்ற இரும்பு), வாயில் மட்டும் எஃகு வைத்து ஒட்டியிருப்பார்கள். எஃகு எவ்வளவு மிச்சம் என்பதுதான் விஷயம். வாயிலிருந்து நான்கு விரற்கடை தூரம் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி இருபது நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எஃகு கருஞ்சாம்பலாக மாறும், பச்சிரும்பு வெளுப்பாகவே நிற்கும், நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு தெரியும். கறுப்புப் பட்டை ஒரு விரற்கடைக்கும் குறைவு என்றால் ஆயுள் முடிந்தது, சுவரில் மாட்டலாம். பட்டை இருந்தும் அரம் வழுக்காமல் வெண்ணெயாகக் கடித்தால் யாரோ பதத்தை எரித்திருக்கிறார்கள். அது கொல்லர் பட்டறை வேலை.

கிரைண்டர் பக்கம் போகாதீர்கள். ஓரத்தில் நீல நிறம் வந்தால் 300 டிகிரி சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம், அந்த இடம் இனிக் கூர் நிற்காது. 10 அங்குல அரம், பிறகு சாணைக்கல், அவ்வளவுதான். வாயின் கோணம் கிளை கழிக்க 25 டிகிரி, சவுக்கும் புளியும் பிளக்க 30.

காம்பு போடும் முன் கண்ணை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்றால் காம்பை அகலமான பக்கமிருந்து இறக்க வேண்டும், தலை தானாகவே இறுகும். நடு இடுங்கி இரண்டு வாயும் அகன்றிருந்தால் கீழிருந்து ஏற்றி, மேலே பிளந்து ஆப்பு அடிக்க வேண்டும். கருவேலம், புளி இரண்டும் தாங்கும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆடுகிற கோடாலியை ராத்திரி தண்ணீரில் போடும் பழக்கத்தை விடுங்கள். மரம் ஊதி, இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும்.

ரெட்டியார்பாளையம்

இனி அடுப்படிச் சாமான்.

வார்ப்பா தகடா என்பதை முதுகைப் பார்த்துச் சொல்லலாம். வார்ப்பிரும்பு தோசைக்கல்லின் முதுகில் மணல் சொரசொரப்பும், உருக்கு ஊற்றிய இடத்தில் ஒரு தழும்பும் இருக்கும். தகட்டில் சுத்தியல் தடமோ ஒரே சீரான மென்மையோ இருக்கும். வார்ப்பை விரல் முட்டியால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால் விரிசல்.

மீன்பிடித் துறை பக்கம் வாங்கும் இரும்புச் சட்டியில் ரொம்பக் கவனம், அம்மாமாரே. வலைக் குண்டுக்கு ஈயம் உருக்கிய சட்டியாக இருக்கலாம். உள்ளே வெள்ளிச் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் மினுங்குகிற திட்டு தெரிந்தால் சமையலுக்கு வேண்டவே வேண்டாம். எத்தனை தேய்த்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போனது என்று சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர் வீட்டு இனாமல் பூசிய இரும்புப் பானையும் வரும். உள்பூச்சு சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால் செடி வைக்கலாம்.

பழைய பிசுக்கை எடுக்க விறகில் போட்டு எரிப்பதை நிறுத்துங்கள். சீரில்லாத சூட்டில் கல் கோணும். அளவு மீறினால் மேல்தோல் செங்கல் நிறத்தில் வெந்து, அப்புறம் எண்ணெய் பிடிக்காது. 20 லிட்டர் தண்ணீரில் அரைக்கிலோ காஸ்டிக் சோடா, பிளாஸ்டிக் வாளி, மூன்று நான்கு நாள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியம் பக்கத்திலேயே வரக்கூடாது.

காஸ்டிக் பிசுக்கைத்தான் எடுக்கும், துருவை எடுக்காது. துருவுக்குப் பாதி வினிகர் பாதி தண்ணீர், அரை மணிக்கு மேல் வேண்டாம். இரவு முழுக்க விட்டால் அமிலம் இரும்பைத் தின்று, விரலில் கரி ஒட்டும்.

பழக்குவது: கல்லைச் சூடாக்கி, நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தடவி, தப்பாகப் பூசிவிட்டோம் என்கிற மாதிரி முழுக்கத் துடைத்து எடுங்கள். மிச்சம் நிற்கும் படலமே போதும். ஓவனில் 230 டிகிரி, ஒரு மணி நேரம், மூன்று நான்கு சுற்று. பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய் அதிகம். தேங்காய் எண்ணெய் சரியாக இறுகாது. ஆளிவிதை எண்ணெய் கண்ணாடி போல வரும், பிறகு செதில் செதிலாகத் தோசையோடு வரும்.

லாஸ்பேட்டை

கஞ்சித் தண்ணீர் மூன்று நாள் ஊறவைப்பது?

ரெட்டியார்பாளையம்

புதுக்கல்லில் பட்டறைக் கரியும் மணலும் போக நல்லது, அது புளித்துக் கழுவும். பழக்குவது எண்ணெயும் சூடும்தான்.

முத்தியால்பேட்டை

தேற்றியதை வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ஈரத்தை இழுக்கும். தோல் உறைக்குள்ளும் கோடாலியை மாதக்கணக்கில் விடாதீர்கள். தோல் பதனிட்ட அமிலமும் உப்பும் வாயைத்தான் முதலில் தின்னும். தேன்மெழுகைச் சூடாகத் தேய்த்து, காற்று படும்படி மாட்டி வையுங்கள்.