பிரெஜுடீஷியல்: தப்பெண்ணமா, பாதகமா? உதவி தேவை

கேட்டவர் (பாளையங்கோட்டை):
வணக்கம். வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஆங்கில நோட்டீஸைக் கட்சிக்காரருக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதிக் கொடுப்பதும் என் வேலைதான். போன வாரம் சேரன்மகாதேவிப் பக்கத்து ஆச்சி ஒருவர் வந்தார்கள். பக்கத்து வயல்காரர் எழுப்பும் மதில், ஆச்சி தன் வயலுக்குப் போகும் பாதையை அடைக்கிறது. அந்த மதில் ஆச்சியின் பாதை உரிமைக்குப் 'பிரெஜுடீஷியல்' என்று நோட்டீஸில் இருந்தது. பிரெஜுடிஸ் என்றால் தப்பெண்ணம் என்று பள்ளியில் படித்ததை நம்பி, "மதில் தப்பெண்ணம் கொண்டது" என்று எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டியபோது ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்து, "மதிலுக்கு ஏதும்மா எண்ணம்?" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் வயல் சம்பந்தப்பட்ட விஷயம், நான் தவறாக எழுதக் கூடாது. இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் (தென்காசி):
ஆச்சி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். எண்ணம் மனிதருக்குத்தான் உண்டு. முன்கூட்டியே ஒரு முடிவோடு ஒருவரைப் பார்க்கிற ஆள் 'பிரெஜுடிஸ்டு'. 'பிரெஜுடீஷியல்' என்பது பெரும்பாலும் ஆளைச் சொல்லாது. ஒரு செயலை, பொருளை, செய்தியைச் சொல்லும்.

வேர் லத்தீன்: 'ப்ரே' என்றால் முன், 'யூடிசியும்' என்றால் தீர்ப்பு. விசாரிக்காமல் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னால் யாருக்கோ நஷ்டம்தானே? அதனால் கெடுதல் என்ற பொருளும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் இன்று இரண்டுமே நடப்பில் இருக்கின்றன. இந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு' (to) என்ற தனிச்சொல் வந்து, எதற்கு என்று சொன்னால் அநேகமாகக் கெடுதல்தான்: உடல்நலத்துக்கு, உரிமைக்கு, பொது அமைதிக்கு. உங்கள் மதில் இந்த வகை. 'பாதகமான' என்று எழுதுங்கள்.

வாசகர் (அம்பாசமுத்திரம்):
'பாரபட்சமான' என்று போட்டால் ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடாதா?

வக்கீல் குமாஸ்தா (திருநெல்வேலி ஜங்ஷன்):
அடங்காது தம்பி. பாரபட்சம் என்றால் ஒருவர் பக்கம் சாய்வது. மதில் யார் பக்கமும் சாயவில்லை, பாதையைத்தான் மறிக்கிறது.

நம் பேப்பரில் தினமும் வரும் ஒரு சொல்லைப் பாருங்கள்: 'குந்தகம்'. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம், 1982இன் 14ஆம் எண். அதன் ஆங்கில வாசகத்தில் பொது ஒழுங்கைப் பராமரிப்பதற்குப் 'பிரெஜுடீஷியல்' ஆன வகையில் நடப்பது என்று வருகிறது. அதைத்தான் செய்தியில் 'பொது ஒழுங்குக்குக் குந்தகம் விளைவிக்கும்' என்று எழுதுகிறார்கள். அங்கே தப்பெண்ணம் என்று போட்டுப் பாருங்கள், அர்த்தமே போய்விடும்.

இன்னொரு முகம் சாட்சியத்தில் தெரியும். திருட்டு வழக்கில் நிற்பவர் பத்து வருஷத்துக்கு முன் அடிதடி செய்தார் என்று சொன்னால், திருட்டைப் பற்றி அது எதையும் நிரூபிக்காது; கேட்பவர் மனசைத்தான் கெடுக்கும். அப்படிப்பட்ட சாட்சியமும் 'பிரெஜுடீஷியல்'தான். அங்கே 'தப்பெண்ணத்தை உண்டாக்கும்' என்று எழுதலாம். 'தப்பெண்ணம் கொண்ட' அல்ல, 'உண்டாக்கும்'. இதற்காகத்தான் குற்றவாளிக்கூண்டில் நிற்பவரின் கெட்ட நடத்தையைப் பொதுவாகச் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது.

அப்புறம் தங்கச்சி, சமரசக் கடிதத்தின் தலைப்பில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று இருக்கும். அதைத் 'தப்பெண்ணம் இன்றி' என்று எழுதிக் கட்சிக்காரர் குழம்பியதை நானே பார்த்திருக்கிறேன். 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்பதுதான் சரி. இதில் பேசுவதால் என் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று அர்த்தம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணாச்சி. 'உரிமைக்கு' என்ற சொல் கண்முன்னே இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. இன்று காலை மாற்றி எழுதினேன்: "இந்த மதிலால் நீங்கள் வயலுக்குப் போய்வரும் பாதை உரிமைக்குப் பாதகம் ஏற்படுகிறது." ஆச்சிக்குப் போனில் மெதுவாக வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஆமா, அதத்தானே நான் அன்னைக்கே சொல்லுதேன்" என்றார்கள்.